பெல்ட்டில் மடித்த கடைசித் தாள்

கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். அகமது கபீரும் அப்படித்தான் சுலைகாவின் வீட்டுக்கு வந்தார். ஒரு பெட்டியில் துணிமணி. இரண்டு பெட்டியில் மாத நாவல்கள், அத்தனையும் கொலைக் கதை. கட்டில், பீரோ, அண்டா எல்லாம் சுலைகாவின் வாப்பா வாங்கிப் போட்டவை. அந்த வீட்டில் கபீருக்கென்று இருந்தது அந்தப் புத்தகங்கள்தான்.

சுலைகாவும் கொலைக் கதை படிக்கிறவள் என்பது அவருக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருநாள், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, மச்சினன்மார் நடுவில் உட்கார்ந்து புதுசாக வந்த நாவலின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொலைகாரனை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, தானே ஏமாந்துபோனதாகச் சொன்னார்.

"அந்த போட்டோக்காரன்தானே?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அன்னைக்கு ஊருக்கே கரண்ட் இல்லைன்னு சொன்னீங்க. அப்ப அவன் எப்படிப் படம் கழுவிக்கிட்டு இருந்தான்?"

மச்சினன்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூத்தவர் சொன்னார்: "மச்சான், நீங்க ஷார்ஜாவுல என்ன செஞ்சாலும் இங்கன தெரிஞ்சிரும் போல."

கபீரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த நாவல் சுலைகாவின் கைக்கு வந்தபோது அதில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை.

இந்தக் கதையை அவர்கள் மகள் அஃபீஃபா தன் தாய்மாமன் வாயால்தான் கேட்டாள். அவளுக்கு நினைவு தெரிந்தபோது அது வீட்டு வழக்கமாக ஆகியிருந்தது. வாப்பா விடுமுறையில் வருவார். பெட்டியிலிருந்து சோப்பு, கோடாலித் தைலம், ஜவுளி, அப்புறம் நாவல்கள் வெளியே வரும். உம்மாவின் கண் நாவல்கள்மேல் இருக்கும். வாப்பா சவரப் பெட்டியைத் திறந்து பிளேடை எடுப்பார். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் கடைசித் தாளைப் பிடித்து இழுத்தால் முதல் தாளும் கூடவே கழன்றுவிடும். இரண்டும் ஒரே காகிதம். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் விரற்கடை விளிம்பு விட்டு, ஒரே கீறலாக அறுப்பார். அறுத்த தாள்களை மடித்து, கைலிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட்டின் பையில் வைத்துப் பட்டனைப் போடுவார்.

சோற்றுக்கு ஊற்றுகிற மீன் ஆணம் நன்றாக அமைந்த நாளில் ஒரு தாள் வெளியே வரும். சுலைகா தன் அக்கா வீட்டுக்குப் போகாமல் இருந்தால் இன்னொன்று.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல குடுத்தா ருசி இருக்காது புள்ள," என்பார்.

சில கதைகளுக்குக் கடைசித் தாள் கிடைத்தது. பலவற்றுக்குக் கிடைக்கவில்லை. தாள் பெல்ட்டிலேயே இருக்க, அவர் விமானம் ஏறிவிடுவார். சுலைகா மிச்சத்தை வைத்துக்கொண்டு யோசிப்பாள். மீனை ஆய்ந்துகொண்டே யோசிப்பாள். கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாள், காரணத்தோடு. அவர் போன் பேசும்போது சொல்வாள். அவர் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார்.

"அப்படியா நினைக்கிறே?" என்பார். வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அஃபீஃபா சிறுமியாக இருந்தபோது ஒருமுறை கேட்டாள், "ஏம்மா, நீயே கடையில வாங்கிப் படிக்க வேண்டியதுதானே?"

"வாங்குனேன். ஒருதடவை," என்றாள் சுலைகா. அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. உம்மாவின் இடது முழங்கையில் ஒரு பழைய தழும்பு இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்பது அஃபீஃபாவுக்குத் தெரியாது.

வீட்டில் இருவருக்கும் பிடித்த எழுத்தாளர் ஒருவர்தான். நளினன். அவருடைய துப்பறிகிறவன் பெயர் வேதமுத்து. கடைசி அத்தியாயத்தில் வேதமுத்து எல்லோரையும் ஓர் அறையில் கூட்டுவான். ஒரு பன்னீர் சோடா கேட்பான். கோலியைத் தட்டி, பாதி குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு கொலைகாரனின் பெயரைச் சொல்வான். எல்லாக் கதையிலும் அப்படித்தான். வேதமுத்துவின் பெயரைச் சொல்லும்போது கபீரின் குரலே மாறும். சொந்த அண்ணன் தம்பியைப் பற்றி அவர் அப்படிப் பேசியதில்லை.

"அவன்கிட்ட யாரும் பொய் சொல்லித் தப்ப முடியாது," என்பார். சொல்லும்போது சுலைகாவைப் பார்ப்பார்.

கபீர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியபோது சர்க்கரையும் கூட வந்தது. அது முதலில் கண்ணைத் தின்றது, அப்புறம் சிறுநீரகத்தை. அஃபீஃபா ராமநாதபுரத்தில் லேப் டெக்னீஷியன். அவருடைய கிரியாட்டினினை முதன்முதலில் பார்த்தது அவள்தான். எந்திரம் தப்பாகக் காட்டுகிறதோ என்று இரண்டாவது முறை ஓட்டினாள். அதே எண் வந்தது.

பார்வை போனதும் அவருக்கு வாசித்துக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. மகளை உட்கார்த்திப் பார்த்தார். "ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறா," என்று தள்ளிவிட்டார். வேறு யாரும் இல்லை. சுலைகாதான்.

பெட்டியில் இருந்த பழைய நாவல்களையே அவள் மறுபடி வாசித்தாள். எல்லாம் அறுத்த புத்தகங்கள். அறுத்த இடம் வந்ததும் நிறுத்துவாள். கபீர் கட்டிலில் படுத்தபடி, மூடிய கண்ணோடு சிரிப்பார்.

"இவனை யாரு கொன்னா? சொல்லிட்டுப் போங்களேன்," என்பாள்.

"மறந்துபோச்சு புள்ள. வயசாயிருச்சுல்ல."

அவருக்கு மறக்கவில்லை. அது முகத்தில் தெரிந்தது. அதை அஃபீஃபாவும் பார்த்தாள்.

நளினன் எழுதியதில் அவர் படிக்காதது ஒன்று இருந்தது. கடைசியாக எழுதியது. 'வேதமுத்து விடுப்பில் இருக்கிறார்' என்று பெயர். அது வந்தபோது அவர் ஷார்ஜாவில் இருந்தார், அங்கே வந்து சேரவில்லை. கொஞ்ச நாளில் நளினனும் இறந்துபோனார். அந்த நாவலைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். பைத்தியம் பிடித்து எழுதினான் என்றார்கள். அவன் எழுதியதிலேயே அதுதான் உச்சம் என்றும் சொன்னார்கள். சாவதற்குள் அதைப் படித்துவிட வேண்டும் என்று கபீர் அடிக்கடி சொல்வார். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அந்த 'சாவதற்குள்' என்ற வார்த்தை வேறு மாதிரி ஒலித்தது.

அஃபீஃபா மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதைக் கண்டுபிடித்து வாங்கி வந்தாள். பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்து, அப்படியே உம்மா கையில் கொடுத்தாள்.

வாரம் மூன்று தடவை வேனில் ராமநாதபுரத்தில் அஃபீஃபா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் எந்திரத்தில் கிடக்க வேண்டும். சுலைகா அங்கேதான் வாசித்தாள். பக்கத்துக் கட்டில் குருநாதன், திருப்புல்லாணிப் பக்கத்து விவசாயி. முதல் நாளே அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"பாயம்மா, கொஞ்சம் சத்தமா வாசிங்க. எந்திரம் இரையுது."

"காசு குடுத்து வாங்குனது நாங்க," என்றார் கபீர்.

"கேக்கிறதுக்குமா காசு? சரி பாய், பந்தயம் வைப்போம். கொன்னவனை யாரு முதல்ல சொல்றாங்களோ அவங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணி."

அந்த அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அங்கே யாருக்கும் ஒரு சொம்புத் தண்ணி குடிக்க அனுமதி இல்லை. சிறுநீர் போகாத உடம்பு. நாளைக்கு இரண்டு டம்ளர், மருந்துக்கும் சேர்த்து.

கதை உப்பளத்தில் நடந்தது. உப்பள முதலாளி உப்புக் குவியலுக்குள் செத்துக் கிடக்கிறார். அந்த ஊர் லாட்ஜில் வேதமுத்து தங்கியிருக்கிறான். மூட்டு வலி, லீவு போட்டு வந்திருக்கிறான். அவன் எதையும் விசாரிப்பதில்லை. பிணத்தைப் பார்க்கக்கூடப் போகவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறான். தோலைக் கீழே போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தாமே வந்து, முதலாளியைத் தாம் ஏன் கொன்றிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

"என்ன எழவு இது," என்றார் கபீர். "வேதமுத்து இப்படியா உக்காந்திருப்பான்? நளினனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு."

அடுத்த முறை வந்தபோது அவரே, "அந்த உப்பு வார்ற இடத்தை மறுபடி வாசி," என்றார். வாசித்தாள். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. கதைதான் நகர மாட்டேங்குது."

"எனக்கு இது பிடிக்குது," என்றாள் சுலைகா.

"உனக்கென்ன தெரியும்?"

அவர் கணக்குப்பிள்ளையைச் சந்தேகப்பட்டார். சந்தேகம்கூட இல்லை, முடிவே கட்டிவிட்டார். உப்பு மூட்டைக்குக் கணக்கு எழுதுகிறவன் மட்டும்தான் குவியலைக் கலைக்காமல் உள்ளே பிணத்தை வைக்க முடியும். குருநாதன் முதலாளியின் தம்பி என்றார். சுலைகா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

கடைசி அத்தியாயம் வந்தது. வேதமுத்து எல்லோரையும் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் கூட்டினான். பன்னீர் சோடா கேட்டான். கோலியைத் தட்டினான்.

"பாயம்மா, அந்த சோடா இடத்தைக் கொஞ்சம் மெதுவா," என்றார் குருநாதன்.

மெதுவாக வாசித்தாள். நுரை பொங்கிக் கையில் வழிந்தது. வேதமுத்து பாதி குடித்தான். ஒருத்தர் முகத்தையும் விடாமல் பார்த்தான். மீதியையும் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றான். பஸ் உப்பளத்து முனையில் திரும்பியது.

சுலைகா நிறுத்தினாள்.

"ம், வாசி," என்றார் கபீர்.

"அவ்வளவுதான்."

"என்னது அவ்வளவுதான்?"

"முடிஞ்சுபோச்சு. பஸ் போயிருச்சு."

கபீர் ஊசி குத்தாத கையை நீட்டினார். "புக்கக் குடு."

கொடுத்தாள். அவர் அட்டையைத் திறந்து விரலால் தடவினார். நடுப் பின்னைத் தொட்டார். பின்னின் இரண்டு பக்கமும் தடவினார். அறுத்த விளிம்பு எதுவும் இல்லை. மறுபடி முன்பக்கம் வந்தார்.

"அட்டைக்கு அடுத்த தாளு இருக்கா? புத்தகப் பேரு போட்ட தாளு?"

"இல்ல. வரும்போதே இல்ல."

"முத தாளு இல்லைன்னா கடைசித் தாளும் இல்ல. ரெண்டும் ஒரே காயிதம். முற்றும்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"நளினன் முற்றும் போடாம முடிச்சதே கிடையாது. தாளை உருவிட்டே. பிளேடு வைக்காம, பின்னைத் தளர்த்தி, முழுசா உருவியிருக்கே." குரலில் கோபத்தைவிட வியப்புத்தான் இருந்தது. "என்கிட்டயே படிச்சு எனக்கே வைக்கிறியா?"

"நான் எடுக்கல."

"அஃபீஃபா, நீ வாங்குனப்ப முத தாளு இருந்துச்சா?"

லேபிலிருந்து அப்போதுதான் வந்து நின்றவள் சொன்னாள்: "பாக்கல வாப்பா."

"பாயம்மா எடுத்திருக்காது," என்றார் குருநாதன். சற்று யோசித்து, "எடுத்தாலும் தப்பில்ல," என்றார்.

அன்று வேனில் திரும்பும்போது சுலைகா மகளிடம் மெதுவாகச் சொன்னாள். "முப்பது வருஷமா அறுத்த புக்கைப் படிக்கிறேன். அறுத்தது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அறுக்கல. இது அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்து, "இதுல புடுங்கி வச்சுக்க ஒண்ணுமே இல்ல பாரு," என்றாள். சிரித்தாள். அஃபீஃபாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்து, உம்மா தொழுகையில் இருந்தபோது, அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மெத்தையடியிலும் பார்த்தாள். தாள் இல்லை.

அடுத்த டயாலிசிஸ் நாள் வேன் வாசலில் வந்து நின்றது. கபீர் எழுந்திருக்கவில்லை.

"பேரைச் சொல்லு. வாரேன்."

"இல்லாத பேரை எங்கிருந்து சொல்ல?"

"அப்ப வேன் போகட்டும்."

வேன் போனது. அவர் பேரீச்சம்பழ டப்பாவைத் தடவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றார். அவருக்கு அது விஷம். பொட்டாசியம் ஏறினால் வலி தெரியாது, மயக்கம் தெரியாது, இதயம் நின்றுவிடும். மகள் அதை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். கொட்டையை எச்சில் படிக்கத்தில் அவர் துப்புகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

அஃபீஃபா அவர் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். பொட்டாசியம் ஆறரைக்கு மேல். கால் வீங்கியிருந்தது, பேச்சுக்கு இடையில் மூச்சு வாங்கியது. லேபிலிருந்தே, பழைய நாவல் சேகரிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் கேட்டாள்: இந்த நாவல் யாரிடமாவது முழுசாக இருக்கிறதா, கடைசித் தாளை மட்டும் படம் எடுத்து அனுப்ப முடியுமா. யாரும் பதில் போடவில்லை. ஒருவர் கைகூப்பும் படம் போட்டார்.

வீட்டுக்கு வந்து உம்மாவைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனாள்.

"உம்மா, ஏதாவது ஒரு பேரைச் சொல்லிரு. கணக்குப்பிள்ளைன்னு சொல்லிரு. அதுதான் அவங்க கேக்கிறது. நான்தான் ஜெயிச்சேன்னு சந்தோசமா வேன்ல ஏறிருவாங்க."

"ஏறிருவாங்க," என்றாள் சுலைகா.

"அப்புறம் என்ன?"

"உனக்குத் தெரியாது."

"இன்னைக்குப் போகலைன்னா நாளைக்கு மையத்தைத்தான் தூக்கணும். அது எனக்குத் தெரியும்."

சுலைகா கொடியில் காய்ந்த கைலியை எடுத்து மடித்தாள். மடித்ததை மறுபடி உதறி மடித்தாள். உள்ளே போனாள். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அஃபீஃபா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாளை நான்தான் எடுத்தேன்," என்றாள் சுலைகா.

கபீரின் முகம் மலர்ந்தது. "தெரியும். கணக்கன்தானே?"

"இல்ல."

"தம்பிக்காரனா?"

"வேதமுத்து."

அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"கொன்னது வேதமுத்துதான். அதான் லீவு போட்டு வந்தான். அதான் பிணத்தைப் பாக்கப் போகல, எவனையும் விசாரிக்கல. எல்லாரும் வந்து நான் செஞ்சிருக்கலாம், நான் செஞ்சிருக்கலாம்னு சொல்றாங்கள்ல, அதை உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தான். கடைசியில சோடாவைக் குடிச்சுட்டு எல்லாரு மூஞ்சியையும் பாத்தான். ஒருத்தனுக்கும் தெரியலைன்னு தெரிஞ்சுது. பஸ் ஏறிட்டான்."

கபீரின் உதடு அசைந்தது. உள்ளுக்குள் ஒவ்வொரு அத்தியாயமாகத் திரும்பிப் போய்ப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. எங்கும் இடிக்கவில்லை. இடிக்காதது அஃபீஃபாவுக்கே பயமாக இருந்தது. ஒரு கணம் அதுதான் உண்மை என்று அவளும் நம்பினாள்.

"மூட்டு வலின்னான்," என்றார் கபீர். "ஆனா மாடி ரூமுதான் வேணும்னு கேட்டான்."

"ஆமா."

"அங்கிருந்து உப்பளம் தெரியும்."

"தெரியும்."

பேரீச்சம்பழ டப்பாவை மூடித் தள்ளிவைத்து, "வேனைக் கூப்பிடு," என்றார். சண்டையில் ஜெயித்தவர் குரலாக அது இல்லை.

அடுத்த முறை எந்திரத்தில் படுத்தபடி குருநாதனிடம் அவரே சொன்னார். குருநாதன் தொடையில் தட்டினார். "அட. அதான் லீவு." பிறகு கபீரின் முகத்தைப் பார்த்து, "விடுங்க பாய், கதைதானே," என்றார்.

"முப்பது வருஷம் அவனை நம்புனேன்," என்றார் கபீர்.

வாரக் கடைசியில், பெட்டியில் இருந்த நாவல்களை எல்லாம் எடைக்குப் போடச் சொன்னார். ஆஸ்பத்திரிப் பையில் கிடந்த அந்தக் கடைசி நாவலைத் தவிர சுலைகா ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. பழைய பேப்பர்க்காரன் சாக்கில் கட்டும்போது, "கடைசிப் பக்கம் இல்லாத புக்கா இருக்கே பெரியம்மா," என்றான். "அப்படித்தான் வர்றது," என்றாள்.

அதன் பிறகு கபீர் எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்தார். ஊசி குத்துகிற கையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் வைத்தார்கள். அங்கே கிருமி தாக்கியது. அஃபீஃபா தினமும் ரிப்போர்ட்டைப் பார்த்தாள். பார்த்ததை வீட்டில் சொல்லவில்லை.

ஒருநாள் சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு, காய்ச்சல் சற்று விட்டிருந்தபோது, அவர் சுலைகாவைக் கூப்பிட்டார்.

"அவன் ஏன் கொன்னான்?"

"யாரு?"

"வேதமுத்து. காரணம் இல்லாம செய்ய மாட்டான். அது அந்தத் தாள்ல இருந்திருக்கும்ல?"

"இருந்துச்சு."

"என்ன?"

சுலைகா அவர் நெற்றியில் போட்டிருந்த ஈரத் துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு அவர் நாக்கு உதட்டைத் தடவியது.

"நாளைக்குச் சொல்றேன்."

"இப்பச் சொல்லு புள்ள."

"எல்லாத்தையும் ஒரே நாள்ல குடுத்தா ருசி இருக்காது," என்றாள்.

அவர் சிரித்தார் என்றுதான் அஃபீஃபாவுக்குப் பட்டது. மூச்சாகவும் இருக்கலாம். விடியற்காலை சுப்ஹுக்கு பாங்கு சொல்லும் முன் அவர் மவுத்தாகிவிட்டார்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓத ஆட்கள் வந்துகொண்டிருந்தபோது அஃபீஃபாவின் போனில் படம் வந்தது. திண்டுக்கல்லிலிருந்து யாரோ. தாமதத்துக்கு மன்னிக்கவும், பரண் மேல் இருந்தது என்று எழுதியிருந்தார். இரண்டு படம். கடைசித் தாளின் ஒரு பக்கம் பல்பொடி விளம்பரம். மறுபக்கம் அடுத்த மாத நாவலின் அறிவிப்பு. முற்றும் என்று எங்கும் இல்லை.

இத்தா இருக்கிற அறைக்குள் போனைக் கொண்டுபோய் உம்மாவிடம் காட்டினாள். கணவன் இறந்தால் அந்த மாதங்கள் முழுக்க வீட்டுக்குள்தான், வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. சுலைகா வெள்ளைத் துணியில் உட்கார்ந்திருந்தாள். படத்தை இரண்டு விரலால் விரித்தாள். பல்பொடி விளம்பரத்தைக் கதை வாசிக்கிற குரலில், ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள்.

"நான் சொன்னேன்ல," என்றாள். "அறுக்கலைன்னு."

"அப்ப வேதமுத்து?"

"நானா வச்சது."

"கணக்குப்பிள்ளைன்னு வச்சிருந்தா வாப்பா சந்தோசமா போயிருப்பாங்க உம்மா."

"ஆமா," என்றாள் சுலைகா. "போயிருப்பாங்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "வந்தவங்களுக்கு டீ குடுத்தாச்சா?"

அஃபீஃபா கதவுவரை போய்த் திரும்பி நின்றாள். "காரணம்னு ஒண்ணு சொன்னியே. நாளைக்குச் சொல்றேன்னு. அது?"

"அன்னைக்கு என்கிட்ட இல்ல. ராவோட ராவா யோசிச்சுக்கலாம்னு இருந்தேன்." சுலைகா தன் முழங்கைத் தழும்பைச் சொறிந்தாள். "அவங்க அதுக்குள்ள போயிட்டாங்க."

இத்தா முழுக்க அவள் அதைத்தான் யோசித்தாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தஸ்பீஹ் மணியை ஒரு கையிலும் பக்கத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டிருப்பாள். குர்ஆன் ஓதுகிறாள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஒருநாள் அஃபீஃபா வேலை முடிந்து வரும்போது சுலைகாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. போட்டோக்காரனைக் கண்டுபிடித்த நாளில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"கிடைச்சிருச்சு."

"என்ன?"

"ஏன் கொன்னான்னு. முதல்லருந்து அதுலயே இருக்கு. நளினனுக்கே தெரிஞ்சு எழுதினானோ, தெரியாம எழுதினானோ."

"சொல்லு."

சுலைகா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தக் கடலைத் தோலை ஏன் சட்டைப் பையில போடுறான்? அதைப் பாரு. நீ படிச்சவதானே."

"உம்மா."

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

மறுநாளும் சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பாள். அடுத்த நோன்பு வருவதற்கு முன்னால், மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் திருப்புல்லாணி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. விரலில் செதில் ஒட்டியிருந்தது. அஃபீஃபாதான் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

புத்தகம் இப்போது அஃபீஃபாவிடம் இருக்கிறது. அவள் கொலைக் கதை படிக்கிறவள் இல்லை. இந்த ஒன்றை மட்டும் படிக்கிறாள், ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி, வரி வரியாக. தோல் சட்டைப் பையில் விழுகிற இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். ஒன்றும் பிடிபடவில்லை. புத்தகம் மட்டமானது என்று சில நாள் தோன்றுகிறது. அன்றைக்கே மறுபடி எடுக்கிறாள்.

குருநாதன் இன்னும் வருகிறார். ரத்தம் எடுக்கக் கையை நீட்டும்போதெல்லாம் கேட்பார்.

"யம்மா, அவன் ஏன் கொன்னான்னு உங்கம்மா சொல்லவே இல்லையா?"

"இல்லண்ணே."

"சரி விடு. அங்கன போயி பாய்கிட்டயாச்சும் சொல்லியிருக்கும்."

அஃபீஃபா ரப்பரை இறுக்கி, நரம்பைத் தேடினாள்.

"சொல்லியிருக்காது," என்றாள்.